177 கிட் இருக்கட்டும், ஆயில் சீலைப் பார்த்தீர்களா?

கேள்வி:

ஐயா, அப்பா 1994-இல் வாங்கிய எல்எம்எல் வெஸ்பா 150 எங்கள் வீட்டில் இருக்கிறது. பல வருடம் கொட்டகை ஓரம் கிடந்ததை நானே இறக்கி, டேங்கைக் கழுவி, கார்பரேட்டரைச் சுத்தம் செய்து, புது பிளக் போட்டு ஓட வைத்தேன். ஓடுகிறது. ஆனால் நாலாவது கியரில் ஐம்பத்தைந்துக்கு மேல் போக மாட்டேன் என்கிறது. மேட்டில் மூன்றாவதுக்கு மாற்றினாலும் திணறல்தான். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் சத்தம் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் தூக்கலாகவே நிற்கிறது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நண்பர் ஒருவர் இத்தாலியிலிருந்து 177 சிசி கிட் வரவழைத்துப் போடு, பறக்கும் என்கிறார். இன்னொருவர் சைலன்சரை அறுத்து உள்தகட்டை எடுத்துவிடச் சொல்கிறார். பட்டறைக்காரர் போர்ட்டைப் பெரிதாக்கித் தருகிறேன் என்கிறார். நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன், எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய ஆசை. எதில் தொடங்கட்டும்? எண்பதில் நிம்மதியாகப் போக முடியுமா?

— வாசகர், கரூர்

பதில்:

தம்பி, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். ஆக்சிலேட்டரை விட்டும் சத்தம் இறங்காமல் நிற்கிறது என்றால், கேபிளும் ஸ்லைடும் சிக்கவில்லை என்று உறுதி செய்த பிறகு, ஒரே அர்த்தம்தான்: கார்பரேட்டர் வழியாக இல்லாமல் வேறு எங்கோ இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறது. இந்த நிலையில் 177 கிட் போட்டால் புது பிஸ்டன் முதல் நெடும்பயணத்திலேயே சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும்.

ஏன் என்று சொல்கிறேன். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்கு மேலே நடப்பது பாதி வேலை. மீதிப் பாதி கீழே, கிராங்க் கேஸில் நடக்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது கேஸில் வெற்றிடம் உண்டாகி, கலவை உள்ளே வரும். கீழே வரும்போது அதே கலவை அமுங்கி, டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாகச் சிலிண்டருக்குள் ஏறும். அதாவது கேஸ் ஒரு பம்பு. பம்பில் ஓட்டை இருந்தால் உறிஞ்சும்போது வெளிக்காற்று புகும். கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் இது வெறும் ட்யூனிங் கோளாறு. இங்கே பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது என்பதால், கலவை மெலிந்தால் சூடு ஏறுவதும் எண்ணெய் குறைவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

கொட்டகையில் கிடந்த வண்டியில் முதலில் கெடுவது கிராங்க்கின் இரண்டு பக்க ஆயில் சீல். ரப்பர் காய்ந்து உதடு விறைத்துப்போகும். மேக்னட் பக்க சீல் போனால் காற்று புகும். உங்களுடையது அநேகமாக இதுதான். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு எரியும். அதற்குத் தனிச் சோதனை உண்டு. கியர்பாக்ஸ் ஆயிலை வடித்து அளந்து பாருங்கள். எஸ்ஏஇ 30 ஆயில் 250 மில்லி இருக்க வேண்டும். நன்றாகக் குறைந்திருந்து, வெளியே எங்கும் ஒழுக்கும் இல்லை, சைலன்சரில் புகை மட்டும் அடங்கவில்லை என்றால் அந்த சீலும் போய்விட்டது. வடித்த ஆயிலில் பெட்ரோல் வாசம் அடித்தாலும் அப்படித்தான்.

மேக்னட் பக்க சீலை இன்ஜினைப் பிளக்காமலே மாற்றலாம். மேக்னட்டைப் புல்லர் போட்டுக் கழற்றி, ஸ்டேட்டர் தட்டு இருக்கும் இடத்தை ஆணியால் கீறி அடையாளம் வைத்து எடுத்தால், சீல் கண்ணுக்குத் தெரியும். மேக்னட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றும் பழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. காந்தமும் கெடும், கிராங்க் நுனியும் நசுங்கும். கிளட்ச் பக்க சீலுக்கு மட்டும் கேஸை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். பிரித்தால் பேரிங்குகளையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. எல்எம்எல் இந்த 150 இன்ஜினை இரண்டு விதமாகச் செய்திருக்கிறது. ஒன்று வெஸ்பாவை உருவாக்கிய பியாஜியோ நிறுவனத்தின் பழைய முறை: கிராங்க்கின் சக்கரமே உள்வாயிலை மூடித் திறக்கும் ரோட்டரி வால்வு. மற்றது ரீட் வால்வு. உங்களுடையது எது என்று கார்பரேட்டரை எடுத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சுழலும் கிராங்க் முகம் தெரிந்தால் ரோட்டரி. இதழ்கள் கொண்ட கட்டை தெரிந்தால் ரீட். ரோட்டரி என்றால் வாயில் மூடியிருக்கும் நிலையில் கிராங்க்கை நிறுத்தி, துளையில் கொஞ்சம் ஆயில் விடுங்கள். மெல்லக் கசிந்தால் சரி. ஊற்றியது ஊற்றியபடி இறங்கிவிட்டால் கேஸில் உள்ள அந்தத் தளம் கீறல் விழுந்திருக்கிறது. பழைய பேரிங் உடைந்த துண்டோ ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓட்டியபோது போன மண்ணோ செய்த வேலை அது. இந்தச் சேதத்தை ஜெட் மாற்றிச் சரிக்கட்ட முடியாது.

சீல் மாறியதும் சைலன்சர். 30 வருட டூடி ஆயில் கரி அதற்குள் கெட்டியாக அப்பியிருக்கும். கழற்றியதும் எக்சாஸ்ட் போர்ட்டுக்குள் பாருங்கள். போர்ட்டின் வாய் பாதி அடைந்திருந்தால் வியப்படைய மாட்டேன். பிஸ்டனைக் கீழே இறக்கி நிறுத்தி, போர்ட் கரியை மரக்குச்சியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பிஸ்டன் தலை மென்மையான அலுமினியம். சைலன்சருக்குக் காஸ்டிக் சோடா கரைசலை ஊற்றி ஓரிரவு வைத்து, மறுநாள் தண்ணீர் விட்டுப் பலமுறை குலுக்கிக் கழுவலாம். தண்ணீரில் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. அலுமினியப் பாகம் எதன் மேலும் அது படக் கூடாது, அரித்துவிடும். நெருப்பில் போட்டுச் சுடும் பழைய முறையும் வேலை செய்யும், ஆனால் அந்தப் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது. ஐம்பத்தைந்தில் நிற்கும் வண்டிகளில் பல, சீலும் சைலன்சரும் சரியானதுமே எழுபதைத் தாண்டிவிடும்.

அதே நேரம் மேக்னட்டின் மேல் இருக்கும் விசிறி மூடியும், சிலிண்டரைச் சுற்றிய தகட்டு உறையும் இருக்கின்றனவா? வெஸ்பாவின் இன்ஜின் பக்கவாட்டு மூடிக்குள் ஒளிந்திருப்பது. எதிர்க்காற்று அதன்மேல் படாது. மேக்னட் விசிறி தள்ளும் காற்றுதான் அதைக் குளிர்விக்கிறது. உறை இல்லாத வண்டியைப் பார்த்தால் அதன் பிஸ்டனுக்காக எனக்கு வருத்தமாக இருக்கும்.

இனி கார்பரேட்டர். சுத்தம் செய்தேன் என்கிறீர்கள்; எதை வைத்து? கேபிள் கம்பி இழையால் ஜெட்டைக் குத்தியிருந்தால் அந்த ஜெட்டை மாற்றிவிடுங்கள். இந்த வகைக் கார்பரேட்டரில் ஜெட் எண் என்பது துளை விட்டம், மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கில். 100 என்றால் ஒரு மில்லிமீட்டர். கம்பி போன துளை 100 என்று எழுதியிருந்தாலும் 100 ஆக இருக்காது. 150 சிசி பிஎக்ஸ் வெஸ்பாவுக்கு பியாஜியோ கொடுத்த அடுக்கு 160 ஏர் ஜெட், பிஈ3 குழாய், 100 மெயின் ஜெட். அதை ஒரு தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம்.

தொடக்கம் என்று சொல்லக் காரணம் பெட்ரோல். அந்த ஜெட்டைத் தேர்ந்தெடுத்த காலத்துப் பெட்ரோல் இப்போது பங்கில் இல்லை. இன்று கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20. சுத்தப் பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். ஈ20-க்குச் சுமார் 13.5 போதும். இதை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள்: அதே காற்றுக்கு எட்டு, ஒன்பது சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. பழைய ஜெட் அதைக் கொடுக்காது. நவீன வண்டியில் கணினி தானே சரிசெய்துகொள்ளும்; உங்கள் வண்டியில் நீங்கள்தான் கணினி. துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், எட்டு சதவீதக் கூடுதல் ஓட்டத்துக்கு விட்டம் நான்கு சதவீதம் கூடினால் போதும். 100 இருந்த இடத்தில் 104. எந்த மாற்றமும் செய்யாத இன்ஜினுக்கே இந்தக் கணக்கு என்பதை மனதில் வையுங்கள். வண்டியை மாற்றவே இல்லை, ஆனால் பிஸ்டன் பிடித்துவிட்டது என்று வரும் கடிதங்களில் இந்த எத்தனால் கதையையும் நான் தேடிப் பார்ப்பது உண்டு.

சரி, ஜெட் சரியா என்று எப்படி அறிவது? பெரியதில் தொடங்கிச் சிறியதற்கு வாருங்கள். ஒருபோதும் எதிர்த்திசையில் போகாதீர்கள். பெரிய ஜெட் போட்டால் முழு ஆக்சிலேட்டரில் இன்ஜின் டப டப என்று விட்டுவிட்டு அடிக்கும், புகை வரும், வேகம் வராது. அதனால் சேதம் இல்லை. சிறிய ஜெட் போட்டால் முதலில் அருமையாக இழுக்கும், அதற்கப்புறம் பிடிக்கும். மெலிந்த கலவை தரும் அந்தக் கூர்மையான இழுவை பலரை ஏமாற்றியிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஆளில்லாத நேரான சாலையில் நாலாவது கியரில் முழு ஆக்சிலேட்டரில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து அந்தக் கணமே இன்ஜினை அணைத்து, ஓரம் கட்டி பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மெதுவாக உருட்டி வீட்டுக்கு வந்து பார்த்தால் அது ஸ்லோ ஜெட்டின் நிறம்தான். பார்க்க வேண்டியதும் பீங்கானின் நுனியை அல்ல; அது உள்ளே இரும்போடு சேரும் ஆழத்தில் பழுப்பு வளையம் ஒன்று இருக்க வேண்டும். வளையமே இல்லாமல் வெண்மை என்றால் ஜெட்டைக் கூட்டுங்கள்.

தீப்பொறி நேரத்தையும் ஒருமுறை ஸ்ட்ரோப் விளக்கு வைத்துப் பார்த்துவிடுங்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள பிஎக்ஸ் 150-க்கு மேல்நிலைக்கு 18 டிகிரி முன்னால். மேக்னட் பக்கமிருந்து பார்க்கும்போது ஸ்டேட்டரைக் கடிகாரச் சுற்றில் நகர்த்தினால் பொறி தாமதமாகும், எதிர்ச்சுற்றில் முந்தும். முந்தினால் இழுவை கூடுவது போலத் தோன்றும். கூடுவது பெரும்பாலும் சூடுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் திணறினால் ஹெட்டைக் கழற்றலாம். ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியாக இறக்கி, பிஸ்டன் தலையால் தள்ளிச் சமப்படுத்தி, நுனி இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். புதிதில் 0.2 முதல் 0.35 மில்லிமீட்டர் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை நெருங்குகிறது என்றால் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடும் நேரம் வந்துவிட்டது. இது வீட்டு வேலை அல்ல. நல்ல போரிங் பட்டறையில் பிஸ்டனைக் கையோடு கொடுத்து, அதற்கு ஏற்ற இடைவெளி விட்டு அடிக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. போர் அடித்தபின் போர்ட்டின் விளிம்புகள் கத்திபோல் கூராக இருக்கும். மெல்லிய அரத்தாலும் எமரி தாளாலும் அவற்றைச் சற்றே மழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரிங் அங்கே மாட்டி உடையும். பட்டறைகள் பல இதைச் செய்வதில்லை. பூட்டும்போது பிஸ்டன் தலை அம்புக்குறி எக்சாஸ்ட் பக்கம், பின்னின் லாக் இரண்டும் கட்டாயம் புதிது, ஹெட் நட்டுகள் எதிரெதிராக 13 முதல் 18 நியூட்டன் மீட்டருக்குள்.

இனி உங்கள் ஆலோசகர்கள் மூவரிடம் வருகிறேன்.

சைலன்சரை அறுக்கச் சொன்ன நண்பர் புகை வெளியேறும் வழியாக மட்டும் அதைப் பார்க்கிறார். டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலேறும்போது டிரான்ஸ்ஃபர் போர்ட் முதலில் மூடும், எக்சாஸ்ட் அதன்பிறகுதான் மூடும். இந்த இடைவெளியில் புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே வெளியே நழுவுகிறது. சைலன்சருக்குள் ஓடும் அழுத்த அலை சரியான நேரத்தில் திரும்பி வந்து முட்டினால் அந்தக் கலவை மறுபடி உள்ளே தள்ளப்படும். கிழக்கு ஜெர்மனியில் ட்ஸ்ஷோபாவ் என்ற சிறு ஊரில் எம்இசட் நிறுவனத்தின் பந்தயப் பிரிவை நடத்திய வால்டர் காடன் 1950-களில் இந்த அலையைப் பிடித்து வேலை வாங்கினார். 1961-இல் அவருடைய 125 சிசி பந்தய வண்டி 25 குதிரைத்திறன் தந்தது, லிட்டருக்கு 200. அதே ஆண்டு அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தின்போது மேற்கே தப்பி, அந்த நுட்பத்தோடு சுசூகிக்குப் போனார்; அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசூகிக்கு. ஒரு வளைந்த தகரக் குழாயை வைத்துப் பனிப்போர் நடந்த காலம் அது! குழாயின் நீளமும் கூம்பின் சரிவும் இன்ஜினின் சுழற்சிக்குப் பொருந்தினால்தான் அந்த அலை உதவும். உள்தகட்டை வெறுமனே பிடுங்கினால் அலையின் கணக்கு குலையும், கலவை தாராளமாக ஓடிப்போகும். மைலேஜும் இழுவையும் குறைந்து, சத்தம் மட்டும் கூடும்.

போர்ட் விஷயத்தில் பட்டறைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை டிகிரி கூட்டப் போகிறார்? உங்கள் இன்ஜினுக்கு ஸ்ட்ரோக் 57 மில்லிமீட்டர்; எக்சாஸ்ட்டின் மேல்விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் அது திறந்திருக்கும் நேரம் ஏறக்குறைய நாலரை டிகிரி கூடும். கூடினால் உயர்சுழற்சியில் பலம், கீழே இழப்பு. மேட்டில் திணறுகிறது என்பவருக்கு இது நேர் எதிரான மருந்து. எண் சொல்லாமல், பார்த்துச் செய்துவிடலாம் என்பாரானால் சிலிண்டரைக் கொடுக்காதீர்கள். உயர்த்தாமல் அகலப்படுத்துவது மிதமான வழி. அதிலும் அகலம் போரின் விட்டத்தில் 70 சதவீதத்தைத் தாண்டினால் ரிங் வெளியே பிதுங்கும்.

கம்பிரஷனைச் சீராக்குவது இதைவிடப் பயன் தரும் வீட்டு வேலை. பிஸ்டன் தலையின் இரு பக்கமும் பின்னின் கோட்டில் சால்டரிங் ஈயத்தைக் கிரீஸால் ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றி, நசுங்கிய தடிமனை அளந்தால் ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி கிடைக்கும். தொழிற்சாலை வெஸ்பாவில் இது தாராளமாகவே இருக்கும். லேத்தில் ஹெட்டைச் சிறிது சீவி 1.3, 1.5 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால் கலவை ஒழுங்காக எரியும், கீழ் இழுவை நன்றாகக் கூடும். ஒன்றுக்குக் கீழே போக வேண்டாம்.

177 கிட் கெட்ட பொருள் அல்ல. 57.8 மில்லிமீட்டர் போரை 63 ஆக்குகிறது, அவ்வளவுதான். டிஆர் நிறுவனத்தின் வார்ப்பிரும்பு கிட் கேஸைச் செதுக்காமலே பழைய கார்பரேட்டரோடும் சைலன்சரோடும் ஓடும். மென்மையான, கீழிருந்தே இழுக்கும் குணம் அதற்கு. ஆனால் பிஎக்ஸ் அளவில் வருபவை ரோட்டரி இன்ஜினுக்குத்தான் நேரடியாகப் பொருந்தும். ரீட் கேஸ் என்றால் அதற்கென்றே செய்ததைத் தேட வேண்டும். மெயின் ஜெட்டை 110-க்கு மேலே தொடங்கி இறக்கி வர வேண்டும், பிளக்கை ஒரு படி குளிர்ந்த பி8எச்எஸ் ஆக்க வேண்டும், பழைய கிளட்ச் பிளேட் அந்த இழுவையில் வழுக்கலாம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. சிசி அதில் சேரும். 2019 திருத்தத்துக்குப்பின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கேஸ் எண் மாறாததால் சோதனையில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று உங்கள் நண்பர் சொல்வார். விபத்து என்று ஒன்று நடந்து காப்பீட்டு நிறுவனம் இன்ஜினைத் திறந்து பார்க்கும் நாளில் அவர் பக்கத்தில் இருக்க மாட்டார். 1994 வண்டி என்பதால் 15 ஆண்டுக்குப்பின் ஐந்தாண்டுக்கொரு முறை ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து அங்குலச் சக்கரமும் டிரம் பிரேக்கும் எட்டு குதிரைத்திறன் அளவுக்கு அமைந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எண்பது கேட்டீர்கள். சீல், சைலன்சர், ஜெட், போர், ஹெட் இடைவெளி எல்லாம் ஒழுங்கான 150 சிசி வெஸ்பா சமதரையில் எண்பதைத் தொடும், கிட் தேவையில்லை. மணிக்கணக்காக அங்கேயே பிடித்துவைக்க மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எழுபதில் நாள் முழுக்க ஓடும்.

புது பிஸ்டன் போட்டால் முதல் 500 கிலோமீட்டர் முழு ஆக்சிலேட்டர் கூடாது. லிட்டருக்கு 20 மில்லி என்ற வழக்கமான அளவை 30 ஆக்கிக்கொள்ளுங்கள். ஆயில் ஜேஏஎஸ்ஓ எஃப்டி தரமா என்று டப்பாவில் பாருங்கள். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மூடி இன்ஜின் பிரேக்கில் இறங்காதீர்கள். சக்கரம் வேகமாகச் சுற்றும், கலவை வராது, ஆயிலும் வராது. இடையிடையே கிளட்ச்சைப் பிடித்து ஒருமுறை முறுக்கிவிடுங்கள்.

வண்டியை இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்பரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நின்ற பெட்ரோலில் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் துருவாகும். அந்தத் துரு அடுத்துப் போய் உட்காரும் இடம் நீங்கள் 104 என்று பார்த்துப் பார்த்துப் போட்ட ஜெட்தான்.